ஜன்னலில் இரண்டு தட்டு

அந்த ஒலிநாடாவின் அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மூன்றே வரிகள். பேசுபவர்: ஆம்புரோஸ் சண்ட்டர், ஆடு வளர்ப்பவர், மேல் ஸ்வேல்டேல். பதிவு செய்த காலம்: ஆகஸ்ட் 1954. உடனிருந்தவர்: மனைவி.

உடனிருந்த அந்த மனைவியின் பெயர் எஸ்தர். வட இங்கிலாந்தில், மலையடிவார ஊரான ரிச்மண்டின் சந்தை வீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். கடைக்கு வருபவர்கள் கோமான் வீட்டுப் பெண்களானாலும் குதிரைக்காரர் மனைவிகளானாலும், எஸ்தரின் அப்பா துணியை அளப்பதுபோலவே சொற்களையும் அளந்துதான் கொடுப்பார். பேச்சில் ஊர் வாடை அடித்தால் வியாபாரம் பாதியாகிவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அப்படி வளர்ந்த பெண், சந்தைக்குக் கம்பளி விற்க வந்த ஒரு மலைக்காட்டு மனிதரை, அவர் அதிகம் பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்துப்போய், முதல் உலகப்போர் முடிந்து இரண்டு வருடம் கழித்துக் கட்டிக்கொண்டார். அதிகம் பேசாதவர் பேசும்போது எப்படிப் பேசுவார் என்பது திருமணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

இலையுதிர் காலத்தில் மலைக்கு வந்தார். குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டின் காற்றுக்கும் புகைக்கும் பழகினார். ஏப்ரல் பிறந்து ஆடுகள் குட்டி போடத் தொடங்கிய முதல் வாரத்தில், ஈரப்பனி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆம்புரோஸ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தார். மேல்கோட்டின் மார்புக்குள் கையை விட்டு, நனைந்த கந்தல்போல் எதையோ உருவி எடுத்தார். கணப்படுப்பின் பக்கவாட்டில் இருந்த ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்து, ஒரு சாக்கை விரித்து, அதை உள்ளே வைத்தார்.

"என்ன பண்ற ஆம்புரோஸ்? இப்பத்தான் அதுலேருந்து ரொட்டி எடுத்தேன்."

"அதான் பதமா இருக்கு."

"செத்த குட்டிய என் அடுப்புல வைப்பியா?"

ஆம்புரோஸ் மனைவியின் வலது கையைப் பிடித்து, சுட்டுவிரலை அந்தக் குட்டியின் வாய்க்குள் வைத்தார். கிணற்றுக் கல்லைப்போல் சில்லென்றிருந்தது. எஸ்தர் அருவருத்துக் கையை இழுக்கப் பார்த்தார், அவர் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சொரசொரப்பான சின்ன நாக்கு ஒன்று விரலை மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்தியது. அழுத்திவிட்டு ஓய்ந்தது. மறுபடி அழுத்தியது.

"விக்" என்றார் ஆம்புரோஸ்.

நம் ஊரில் தலையில் வைக்கும் பொய்முடிக்குச் சொல்லும் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக யார்க்ஷயர் மலைகளில், உயிரோடு இருப்பதற்குப் பெயர் விக். செத்துவிட்டது என்று நினைத்த வேலிச்செடியில் துளிர் கண்டால் விக். ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று திரியும் பிள்ளை விக். எண்பது வயதில் சுவர் தாண்டிப் போகும் கிழவரும் விக். உயிர் இருப்பது வேறு, அந்த உயிர் துள்ளுவது வேறு என்று அந்த மனிதர்கள் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடத்திலேயே அவர்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சமையலறைத் தரையில் சேறு படிவதை எஸ்தர் சகிக்கமாட்டார். ஆகவே குட்டி போடும் பருவத்தில் ஆம்புரோஸ் வீட்டுக்குள் வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். கைத்தடியின் கொம்புப்பிடியால் கண்ணாடியில் இரண்டு தட்டு. பிறகு அந்தச் சொல். எஸ்தர் அடுப்பின் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் குட்டியை வாங்கிக்கொள்வார். குட்டி பிழைக்காவிட்டால் தட்டு கேட்காது. ஆம்புரோஸ் கொட்டகைப் பக்கம் போய்விடுவார்; செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டைபோல் மாட்டி, குட்டியை இழந்த தாயிடம் விட்டு ஏமாற்றும் வேலை அவருக்கு இருக்கும்.

தட்டுக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்ட எஸ்தர், அந்தச் சொல்லை மட்டும் ஏற்கவில்லை. அது கொட்டில் சொல் என்பது அவர் எண்ணம். கோடையில் ஈ மொய்த்துப் புழு நெளியும் ஆட்டின் கம்பளியைப் பார்த்தும் ஆம்புரோஸ் அதே சொல்லைத்தான் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் கிட் பீக்காக், புழு வைத்த பழைய பாலாடைக்கட்டியை முகர்ந்துவிட்டு அதே சொல்லைத்தான் சொன்னார்.

"உயிரோட இருக்குன்னு சொன்னா என்னவாம்?" என்று ஒருமுறை கேட்டார் எஸ்தர்.

"அம்புட்டு நீளமாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது செத்துப்போயிரும் புள்ள" என்றார் ஆம்புரோஸ்.

மகள் டைனா வளர்ந்தபோது, அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொன்னால் அவளுக்கு ஜாம் கிடையாது என்றொரு சட்டமும் வந்தது. டைனா அதை அப்பாவோடு கொட்டகையில் சொல்லிக்கொண்டாள். பின்னாளில் டார்லிங்டனில் ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு போனபோது அம்மாவின் பேச்சோடுதான் போனாள்.

ஆம்புரோஸ் அந்தச் சொல்லால் எஸ்தரையும் ஒருமுறை குறித்திருக்கிறார். வைக்கோல் அறுப்பின் கடைசி நாள். மேற்கே வானம் கறுத்துவிட்டது. எஸ்தர் காலணியைக் கழற்றி எறிந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வைக்கோல் சறுக்குவண்டியின் மேல் ஏறி நின்று, குதிரையை அதட்டிச் சரிவில் ஓட்டிவந்து, முதல் துளி விழுவதற்குள் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டார். மூச்சிரைக்க இறங்கும்போது, ஆம்புரோஸ் கிட்டிடம் சொல்வது காதில் விழுந்தது: "எங்க வீட்டுக்காரி இருக்காளே, விக்." காலையில்தான் ஆட்டின் கம்பளியில் நெளிந்த ஒரு புழுவை அவர் அப்படிச் சொல்லியிருந்தார். அன்று இரவு எஸ்தர் அவரோடு பேசவில்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்தது ஒரு ஜனவரியில். மருத்துவச்சி மாடியறையில் இருந்தார். ஆம்புரோஸ் முற்றத்தில் நின்றார். கீழே சமையலறை ஜன்னலில் இரண்டு தட்டு கேட்டது. அந்த ஒரு முறை மட்டும் அவர் கேள்வியாகத் தட்டினார். பிள்ளை அழவில்லை; வீட்டுக்குள்ளிருந்து பதிலும் போகவில்லை. பூட்ஸ் சத்தம் விறகுக் குவியலைத் தாண்டிச் சுவர்வரை போவதை எஸ்தர் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து எல்வுட் என்ற இளைஞர் வந்தது 1954 ஆகஸ்டில். பழைய பேச்சைப் பதிவு செய்வது அவர் வேலை. மலைப்பண்ணைகளுக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து, பெட்டி போன்ற கருவியைச் சமையலறை மேசையில் வைத்தார். எஸ்தர் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தார். ஆம்புரோஸுக்கு டை கட்டிவிட்டிருந்தார்.

"பட்டணத்துல நாலு படிச்சவங்க கேப்பாங்க" என்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "நம்ம மானத்த வாங்கிடாத."

"வீட்ல பேசற மாதிரியே பேசுங்க ஐயா" என்றார் எல்வுட். ஆம்புரோஸ் எஸ்தரைப் பார்த்தார்.

அதே நவம்பரில், பெட்டைகளோடு கிடாய்களை விட்ட வாரத்தில், ஆம்புரோஸ் கல்சுவரின் இடைவெளியில் விழுந்து கிடந்தார். உயிர் தங்கியது. பக்கவாதத்தில் வலப்பக்கம் போனது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்பது ஹாஸ் ஊரில் ஆட்டு ஏலம் நடக்கும் நாள். ஆயுள் முழுவதும் அவர் எதிர்பார்த்திருந்த நாள் என்பதால் அது மாட்டிக்கொண்டதோ என்னவோ. தேநீர் வேண்டுமென்றாலும், முதுகு அரித்தாலும், நாய் குரைத்தாலும், செவ்வாய்க்கிழமை. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, வெளியே வரும் வழிகளில் ஒன்றுதான் திறந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

கிட் பீக்காக் மட்டும் பழையபடியே வந்து, சேற்றுக் காலோடு கணப்பின் முன் உட்கார்ந்தார்.

"ஆம்புரோஸ் அண்ணே, இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்க்கிழமை."

"வியாழன் அண்ணே. ஆனா பரவால்ல, வாரத்துல ஒரு நாள் நீ சரியாத்தான சொல்ற. நம்ம போதகர் அதுகூடச் சொல்றதில்ல."

ஆம்புரோஸ் பாதி வாயால் சிரித்தார். எஸ்தர் கிட்டின் கால்சுவட்டைத் துடைத்தார்.

குளிர்காலம் போன விதத்தை எஸ்தர் பிற்பாடு டைனாவிடம் சொன்னபோது, ஜன்னலைப் பற்றித்தான் சொன்னார். முப்பத்துச் சொச்சம் ஏப்ரல்களில் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று சொல்லப்பட்ட ஒரு சொல்லை, இனி ஒருபோதும் கேட்கமாட்டோம் என்று நினைத்தபோதுதான், தான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது தெரிந்ததாம். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பழைய ஆம்புரோஸ் எழுந்து நடக்க வேண்டாம். பேச்சு முழுவதும் திரும்ப வேண்டாம். அவர் வாயால் அந்த ஒரு சொல், ஒரே ஒருமுறை.

"அந்தச் சொல்லச் சொல்லு ஆம்புரோஸ்" என்பார், ஸ்பூனால் கஞ்சியை ஊட்டியபடி. "நீ சொல்லுவியே, குட்டி பிழைச்சா. அது."

சொல்லிக்கொடுக்க நினைத்தாலும், அதை உச்சரிக்க எஸ்தரின் நாக்கு எழவில்லை. துணிக்கடை அப்பா உள்ளே எங்கோ அளவுகோலோடு நின்றுகொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை" என்பார் ஆம்புரோஸ், அவர் கண்களைப் பார்த்து, மிக அக்கறையாக.

மார்ச் கடைசியில் எஸ்தருக்கு நாடா நினைவு வந்தது. ஆம்புரோஸின் குரல் அழியவில்லை. லீட்ஸில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. ஆட்டைப் பற்றி அன்று எத்தனையோ கேள்விகள் கேட்டார்களே, குட்டியைப் பற்றிக் கேட்காமலா இருந்திருப்பார்கள். அன்றே கிராமத்துக்கு இறங்கிப் போய், கிட்டைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, எல்வுட்டைக் கூப்பிடச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் முதன்முறையாக நுழைந்தார்.

"கத்தாதீங்க அண்ணி" என்றார் வெளியே நின்ற கிட். "அந்தக் கம்பி வழியாத்தான் போகுது, காத்து வழியா இல்ல."

அடுத்த சனிக்கிழமை எல்வுட் வந்தார். மலையில் குட்டி போடும் பருவம் தொடங்கிவிட்டிருந்தது. தன்னுடையது, ஆம்புரோஸுடையது என்று இரண்டு மந்தைகளையும் கிட்தான் பார்த்துக்கொண்டார்; தேநீர் குடிக்க வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புரோஸின் நாற்காலியைக் கருவிக்கு அருகில் நகர்த்தினார்கள். வட்டுகள் சுழன்றன. ஒரு இரைச்சல். பிறகு அந்தக் குரல் வந்தது. குரல் வந்த கணத்தில் எஸ்தர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தடிமனான, மூக்கில் லேசாகத் தங்கும், காலையில் கரகரக்கும் அதே குரல்.

எல்வுட்டின் குரல் கேட்டது: "குட்டி பிறந்து கிடக்கு, செத்துருச்சுன்னு நினைக்கிறீங்க. தொட்டுப் பாத்தா மூச்சு இருக்கு. அதுக்கு என்ன சொல்லுவீங்க ஐயா?"

நாடாவில் ஒரு இடைவெளி. கடிகாரம் ஓடுவது கேட்டது. ஒரு கோப்பை சாஸரில் சற்று அழுத்தமாக வைக்கப்படும் ஒலி கேட்டது.

"உயிருடன் இருக்கிறது என்று சொல்லுவோம், ஐயா" என்றார் நாடாவில் ஆம்புரோஸ்.

"ஒரு இடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கிற குழந்தைய?"

"சுறுசுறுப்பான குழந்தை என்று சொல்லுவோம், ஐயா."

"யாருப்பா இந்தப் பாதிரியாரு?" என்றார் கிட்.

கேள்விகள் தொடர்ந்தன. வேலி, வைக்கோல், சுவர், கன்று. ஒவ்வொன்றுக்கும் ஆம்புரோஸ், ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்குள் நிற்பவர்போல், துணிக்கடைச் சொற்களில் பதில் சொன்னார். முப்பத்துச் சொச்சம் வருடம் எஸ்தர் திருத்தித் திருத்தித் தோற்ற அத்தனையும் அந்த ஒரு பிற்பகலில் பிசகில்லாமல் வந்திருந்தது. நாற்காலியில் இருந்த ஆம்புரோஸ் தன் குரலைக் கேட்டபடி, தலையைச் சாய்த்து, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பரீட்சையில் நன்றாக எழுதியவனின் பெருமை.

நாடா ஓடித் தீர்ந்து, அதன் வால் படபடத்தது.

"இன்னொரு நாடா இருக்கா சார்?" என்றார் எஸ்தர்.

"இது ஒண்ணுதாம்மா."

"கடைசில, நீங்க அணைச்சதுக்கப்புறம்…"

"அணைச்சப்புறம் பதிவாகாதும்மா." எல்வுட் தயங்கினார். "நீங்க எதைத் தேடறீங்க?"

"நான்தான் அவர அப்படிப் பேசச் சொன்னேன்" என்றார் எஸ்தர். "அந்தக் கோப்பை, அது நான் வச்சது."

கிட்தான் எடுத்துச் சொன்னார்: "விக். அதத்தான் தேடறாங்க. அந்த மனுசன் வாயத் தொறந்தா அதுதான் வரும். எனக்குத் தெரிஞ்சு அவர் கடவுளக் கூப்புட்டதவிட அதச் சொன்னதுதான் அதிகம்."

"அது கொட்டில்ல பேசற பேச்சு" என்றார் எஸ்தர். சொன்ன குரலில் வலு இல்லை.

"ஞாயித்துக்கிழமை சேப்பல்ல விசுவாசப் பிரமாணம் சொல்லுவீங்களாம்மா?" என்றார் எல்வுட்.

"வாராவாரம்."

"உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்னு வருமே. அந்த உயிருள்ளோருக்கு அதுல என்ன சொல்?"

எஸ்தர் யோசித்தார். "க்விக்."

"இன்னைக்கு அந்தச் சொல்லுக்கு வேகம்னு அர்த்தம். அப்போ உயிர்னு அர்த்தம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்தவங்க க்விக்னுதான் சொன்னாங்க. தெற்க அர்த்தம் மாறிப்போச்சு. வடக்க முதல் எழுத்து மட்டும் தேஞ்சுது, அர்த்தம் அப்படியே நின்னுது. நகத்துக்கு அடியில கிள்ளினா வலிக்கிற சதைக்கும் அதே பேருதான். லத்தீன்ல உயிரோட இருக்கிறதுக்குச் சொல்ற சொல்லும், இந்தியாவோட சமஸ்கிருதத்துல ‘ஜீவ’ங்கற சொல்லும் இதோட கூடப்பிறந்ததுங்க." அவர் கருவியின் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார். "உங்க வீட்டுக்காரர் சொன்னது சேப்பல்ல நீங்க சொல்றதேதாம்மா."

நாம் ‘கொஞ்சம் சீவன் இருக்கிறது’ என்று சொல்லும்போது நம் வாயில் வரும் சீவனும் அந்த வழியில் வந்ததுதான். ஸ்வேல்டேலின் அந்தச் சமையலறையில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எஸ்தருக்கு வேண்டியிருந்தது சொல்லின் பூர்வீகம் இல்லை; அதைச் சொன்ன வாய். வாராவாரம் நல்ல தொப்பி அணிந்து, கை கோத்து, தான் சொல்லிவந்த சொல்லைத்தான் வீட்டுக்கு வந்து விரட்டியிருக்கிறோம் என்பதைக் கேட்டுக்கொண்டார். எல்வுட்டுக்கு ஜாமும் ரொட்டியும் பொட்டலம் கட்டிக்கொடுத்தார். வண்டி வளைவில் மறையும்வரை வாசலில் நின்றார்.

மறுநாள் விடியலில் ஈரப்பனி அடித்தது. கிட் மேல் சரிவில் தன் ஆடுகளோடு இருந்தார். வீட்டை ஒட்டிய வயலில் ஒரு ஆடு முனகும் சத்தம் கேட்டு, எஸ்தர் ஆம்புரோஸின் கோட்டை மாட்டிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த அவருடைய தடியை எடுத்துக்கொண்டு போனார். முதல் முறையாக ஈன்ற ஆடு அது. தான் ஈன்றதைக் கண்டு பயந்து, தூரத்தில் நின்று காலை உதைத்துக்கொண்டிருந்தது. குட்டி சேற்றில் தட்டையாகக் கிடந்தது.

எஸ்தர் மண்டியிட்டார். வாயைச் சுற்றியிருந்த சவ்வைக் கிழித்தார். வைக்கோலால் விலாவைத் தேய்த்தார். மூக்கில் ஊதினார். ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத்துளையில் விட்டுக் கூசச்செய்தார். இதையெல்லாம் அவர் செய்ததில்லை. ஜன்னலுக்கு உள்ளிருந்து பார்த்ததுதான். கடைசியில் சுட்டுவிரலை அதன் வாயில் வைத்தார். கிணற்றுக் கல்லைப்போல் சில்லென்றிருந்தது. பனி கழுத்துக்குள் இறங்கியது. விரலை எடுக்கவில்லை. முழங்கால் மரத்துப்போனது. சொரசொரப்பான நாக்கு ஒன்று விரலை மெல்ல அழுத்தி, ஓய்ந்து, மறுபடி அழுத்தியது.

குட்டியைக் கோட்டுக்குள் மார்போடு செருகிக்கொண்டு சரிவில் இறங்கினார். நேராக வாசலுக்குப் போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலுக்குப் போனார். உள்ளே ஆம்புரோஸ் கணப்பின் பக்கத்தில், கம்பளி போர்த்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் தடியின் கொம்புப்பிடியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார்.

அவர் திரும்பினார்.

"விக்" என்றார் எஸ்தர். கண்ணாடியில் மூச்சு படர்ந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி சொன்னார், இந்தத் தடவை முற்றத்து நாய்க்கே கேட்கும்படி. "விக், ஆம்புரோஸ்."

ஆம்புரோஸ் வெகுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு கம்பளியை இடக்கையால் ஒதுக்கினார். நாற்காலியின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, எட்டாமல் நின்று, இன்னும் சாய்ந்து, ரொட்டி அடுப்பின் இரும்புப் பிடியை விரல்களால் பற்றி இழுத்தார். கதவு திறந்தது.

எஸ்தர் சேற்றுக் காலோடு உள்ளே வந்து குட்டியைச் சாக்கின்மேல் வைத்தார். ஆம்புரோஸ் குனிந்து, இடக்கை விரலை அதன் வாயில் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது உதடுகள் எதையோ தேடின. எஸ்தர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை" என்றார் ஆம்புரோஸ்.

அன்று ஞாயிறு. கீழே கிராமத்தில் சேப்பல் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஆமா" என்றார் எஸ்தர், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு. "செவ்வாய்க்கிழமைதான்."